மெரிகார்ப்: அரைக்கனியா, சுளையா, கனிக்கூறா?

வணக்கம்.

முற்றியதும் பல பகுதிகளாகப் பிரியும் கனிக்குப் பிளவுக்கனி என்ற சொல் பாடநூல்களில் ஊன்றிவிட்டது, அதில் குறையில்லை. அது பிளந்தபின் தனித்தனியாக உதிரும் பகுதிக்குத்தான் இன்னும் நிலைத்த தமிழ்ப்பெயர் இல்லை. மெரிகார்ப் என்றே எழுதி வருகிறோம். அரைக்கனி, சுளை என்று இரண்டு சொற்கள் பரிந்துரையாக வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பேன். காயைக் கையில் எடுத்துப் பார்த்தாலே காரணம் தெரியும்.

அரைக்கனி என்பது கொத்தமல்லிக் குடும்பத்துக்கு அழகாகப் பொருந்தும். நாம் விதை என்று தூவும் கொத்தமல்லி உண்மையில் முழுக்கனி. விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்தால் இரண்டாகப் பிரியும். உள்முகம் குழிந்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு விதை. தேய்க்காமல் ஊன்றினால் ஒரே இடத்தில் இரண்டு நாற்று எழுவது இதனால்தான். சோம்பில் இன்னும் தெளிவு: முற்றிய இரு பாதிகளும் உடனே விழாமல், நடுவிலுள்ள கவட்டை போன்ற மெல்லிய காம்பின் இரு நுனியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஆமணக்கில் மூன்று, நெருஞ்சியில் ஐந்து, துத்தியில் பதினைந்து இருபது வரை. அங்கெல்லாம் ‘அரை’ எங்கே வந்தது?

சுளை நல்ல தமிழ்ச்சொல். விட மனம் வரவில்லைதான். ஆனால் பலாச்சுளை ஒரு தனிப்பூவிலிருந்து வந்தது, பலாப்பழமோ பல பூக்கள் சேர்ந்த கூட்டுக்கனி. ஆரஞ்சுச்சுளை சூற்பையின் (பூவில் பின்னர் கனியாக வளரும் பகுதியின்) ஓர் அறை. அது தானாகப் பிரிந்து உதிர்வதில்லை. ஏற்கெனவே இரண்டு பொருள் சுமக்கும் சொல்லில் மூன்றாவதை ஏற்றினால் மாணவர் குழம்புவர்.

என் பரிந்துரை கனிக்கூறு. வரையறை: ஒரே சூற்பையிலிருந்து உருவாகி, முற்றியபின் நீளவாக்கில் பிரிந்து, தன் சுவரோடு தனித்து விலகும் பகுதி.

‘தன் சுவரோடு’ என்பது வெண்டையை விலக்க. வெண்டை காய்ந்ததும் அறையின் நடுமுதுகில் வெடிக்கிறது. அதனால் ஒவ்வோர் ஓட்டுத்துண்டும் அடுத்தடுத்த இரண்டு அறைகளின் பாதிகளைக் கொண்டது. அது வெடிகனி, அதாவது காய்ந்து வெடித்து விதையை வெளிவிடும் கனி. துத்தியும் வெண்டையும் ஒரே மால்வேசி குடும்பத்துச் செடிகள் என்பதால் இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். மகரந்தத்தாள்கள் ஒரே குழாயாக இணைந்திருப்பதைக் கண்டு குடும்பத்தை முடிவுசெய்யலாம், கனி வகையை முடிவுசெய்ய முடியாது. ‘நீளவாக்கில்’ என்பது தொட்டாற்சுருங்கியை விலக்க. அதன் காய் குறுக்கே துண்டாகி, சட்டம் மட்டும் காம்பில் நிற்கும். அந்தத் துண்டைக் கனிக்கணு என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விதை என்ற நிபந்தனை கூடாது. துத்தியின் கூறு ஒன்றில் இரண்டு மூன்று விதை இருக்கும், நெருஞ்சியிலும் ஒன்றுக்கு மேல் உண்டு.

மறுமொழி:

கனிக்கூறு ஏற்கத்தக்கது. ‘சூலக இலைக்கு (சூற்பையை ஆக்கும் அடிப்படை உறுப்புக்கு) ஒரு கூறு’ என்பதையும் வரையறையில் சேர்க்கலாமா? துத்தியிலும் ஆமணக்கிலும் அது சரியாக வருகிறதே.

மறுமொழி:

சேர்க்கக் கூடாது. துளசி இடிக்கும். காய்ந்த புல்லிவட்டத்தை (பூவின் வெளிப்புறப் பச்சை உறையை) பிதுக்கினால் நான்கு சிறு கூறுகள் விழும். சூலக இலைகளோ இரண்டுதான். இடையில் பொய்ச்சுவர் எழுந்து ஒவ்வொன்றையும் இரண்டாக்குகிறது. பூவில் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) இரண்டாகக் கவைத்திருப்பதைப் பார்த்தால் உறுதியாகும். தேள்கொடுக்குச் செடியிலும் நான்கு கூறுகள் உண்டு, எனவே கனியை மட்டும் எண்ணிக் குடும்பம் சொன்னால் தவறும். துளசிப்பூ இரு உதடு கொண்டது, மகரந்தத்தாள் நான்கு. தேள்கொடுக்கின் பூ ஐந்து மடல்களும் சமமான ஒழுங்குப்பூ, மகரந்தத்தாள் ஐந்து.

கனிக்கூறுகளை எண்ணும்போது இரண்டு இடத்தில் பிழை வரும். பச்சைக் காய் பிரியாது; அதைப் பிய்க்காமல் பிளேடால் குறுக்கே வெட்டி, பத்து மடங்கு லென்சில் அறைகளை எண்ணுங்கள். காய்ந்த மாதிரியில் சில கூறுகள் முன்பே உதிர்ந்திருக்கும். பூத்தளத்தில் அவை ஒட்டியிருந்த தழும்புகளையும் சேர்த்து எண்ணவேண்டும். துளசியில் நான்கில் ஒன்றிரண்டு வளராமலே சுருங்கிக் கிடப்பதும் உண்டு, அவற்றையும் கணக்கில் விடாதீர்கள்.