ஏழு வாரமாகப் பெரியம்மா சாப்பிட்ட பொடி

பாட்டி வீடு, ராசிபுரம் (குடும்பக் குழு, வித்யாவின் போனில்)

ஞாயிறு

பெரியம்மா, காலை 7.40
எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு மொட்டைமாடிக்கு நானே ஏறிப்போய் வெங்காய வடகம் காயப் போட்டுவிட்டு வந்தேன். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்றைக்குத்தான் மாடியைக் கண்ணால் பார்க்கிறேன்.

பெரியம்மா, 7.41
[புகைப்படம்: பழைய வேட்டித் துணியில் வரிசையாக வடக உருண்டைகள்]

சரசு சித்தி, 7.48
அக்கா! போன பொங்கலுக்குக் கோலம் போட உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் நானும் ராதா அக்காவும் கைத்தாங்கலாகத் தூக்கினோமே. அந்தக் காலா இது!

ரவி மாமா, 7.55
அந்தப் பொடி வாங்கலாம் என்று நான்தான் அக்காவிடம் சொன்னேன். அக்கா, எனக்கும் இரண்டு டப்பா வாங்கி வையுங்கள். செல்விக்குக் கைவிரல் எல்லாம் வலி. காலையில் காபி டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுகிறாள்.

வித்யா, 8.02
பெரியம்மா, படத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். அது என்ன பொடி? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

பெரியம்மா, 8.06
நம் தெருவுக்கு மாதம் ஒரு தடவை ஒருவர் வருகிறார் கண்ணு. மலை மூலிகையை அரைத்துக் கொண்டுவருகிறாராம். காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன், வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். டப்பா 1,500 ரூபாய். தெருவில் நான்கு பேர் வாங்குகிறோம்.

வித்யா, 8.07
எத்தனை நாளில் வலி குறைந்தது?

பெரியம்மா, 8.09
மூன்றாம் நாளே! ஏழு வாரம் ஆகிறது, வலி என்றால் என்ன என்றே மறந்துவிட்டது.

வித்யா, 8.10
டப்பாவை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள் பெரியம்மா. மூடி, அடிப்பக்கம் எல்லாம்.

பெரியம்மா, 8.21
[புகைப்படம்: வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே பழுப்புப் பொடி, பச்சை ஸ்டிக்கரில் "100% இயற்கை மூலிகை, பக்கவிளைவு இல்லாதது"]

வித்யா, 8.24
ஸ்டிக்கரில் வேறு எதுவுமே இல்லையே. என்னென்ன மூலிகை, எத்தனை கிராம், யார் தயாரித்தது, எந்தத் தேதி, லைசென்ஸ் எண், ஒன்றும் இல்லை. பெரியம்மா, இன்னும் சில கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஏழு வாரத்தில் பசி அதிகமாகியிருக்கிறதா? ராத்திரி தூக்கம் எப்படி? லேசாக இடித்தாலே கையில் கன்றிப்போகிறதா?

பெரியம்மா, 8.30
பசி நன்றாக எடுக்கிறது. தூக்கம்தான் இல்லை, 2 மணிக்கே விழித்துக்கொள்கிறேன். கன்றிப்போவது உனக்கு எப்படித் தெரியும்? முந்தாநாள் கிரில் கேட்டில் கை பட்டது, இன்னும் நீலமாக இருக்கிறது.

பிரபு, 8.33
வித்யா, அம்மா முகம் உப்பினாற்போல இருப்பதை நான் வீடியோ காலில் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டுத் தேறிவிட்டார்கள் என்று நினைத்தேனே.

வித்யா, 8.34
அண்ணா, அதைத்தான் கேட்க வந்தேன். பெரியம்மா, சர்க்கரை மெஷின் வீட்டில் இருக்கிறது அல்லவா? இப்போதே ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள்.

பெரியப்பா, 8.47
312 காட்டுகிறது அம்மா. இரண்டு தடவை பார்த்தேன். போன மாதத்துக்கு முந்தின மாதம் 150க்குள் இருந்தது.

அம்மா, 8.48
ஐயோ, முன்னூறா!

வித்யா, 8.58
எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். நான் பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மூட்டுவலிக்கான மூலிகை பொதுவாக மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு வருட மூட்டுவலியை மூன்று நாளில் துடைத்தெடுக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டெக்ஸாமெத்தசோன் மாதிரி மாத்திரைகள் மிகவும் மலிவு, பொடித்துப் போட்டால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. முகம் உப்புவது, பசி, தூக்கமின்மை, தோல் கன்றுவது, சர்க்கரை ஏறுவது, ஐந்தும் பெரியம்மாவுக்கு இருக்கிறது.

வித்யா, 9.00
இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரையை யாரும் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. அதையும் ஊட்டச்சத்து என்றுதான் விற்றார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் லேபிளில் எழுதாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் உள்ளே இருந்தன.

ரவி மாமா, 9.03
அப்படியானால் இப்போதே அந்தப் பொடியைச் சாக்கடையில் கொட்டச் சொல். இனி ஒரு ஸ்பூன்கூடத் தொட வேண்டாம்.

வித்யா, 9.05
வேண்டாம் மாமா, கொட்டவும் வேண்டாம், நாமாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அதில்தான் உயிர் ஆபத்தே இருக்கிறது.

வித்யா, 9.09
சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அது தினமும் தானே சுரக்கும். வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். வெளியில் வருவதும் ஒரே நாளில் நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் தடாலென்று இறங்குவது எல்லாம் வரும். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். பிரபு அண்ணா, சர்க்கரை 312 இருப்பதால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், டப்பாவையும் கையில் எடுத்துப்போங்கள். ஏழு வாரம், தினம் இரண்டு ஸ்பூன் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பிரபு, 9.10
கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டேன். அம்மா, மதியத்துக்குள் வந்துவிடுவேன்.

பெரியம்மா, 9.22
வித்யா, நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா கண்ணு?

வித்யா, 9.23
நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. வலி பொறுக்க முடியாமல் வாங்கினீர்கள். தப்பு முழுவதும் உள்ளே இருப்பதை மறைத்து விற்றவருடையது. தைரியமாகக் கிளம்புங்கள்.

பிரபு, இரவு 8.15
பார்த்தாயிற்று. டாக்டரும் டப்பாவைப் பார்த்ததும் அதையேதான் சொன்னார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பொடிக்குப் பதிலாக அளவான ஸ்டீராய்டு மாத்திரை, வாரா வாரம் குறைப்பதற்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம்தான், இரண்டு முழங்காலிலும்.

அம்மா, 8.17
குலதெய்வம் காப்பாற்றியது.

திங்கள்

ரவி மாமா, காலை 6.50
ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. அக்காவிடம் அந்தப் பொடியைச் சொன்னது நான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன் வித்யா. நம் பாட்டி முடவாட்டுக்கால் சூப் குடித்துத்தானே கடைசிவரை காட்டுக்கு நடந்து போய்வந்தார்? இயற்கையாகக் கிடைப்பதை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா?

வித்யா, 7.05
ஒதுக்கச் சொல்லவே இல்லீங்க மாமா. பாட்டி குடித்தது நம் கண்ணெதிரே வெட்டி, நம் அம்மியில் அரைத்தது. அந்த டப்பாவில் இருந்தது என்ன என்று விற்றவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சரசு சித்தி, 7.12
கிழங்கு நான் வாங்கிவந்து தருகிறேன் அக்கா. அடுத்த வாரம் கொல்லிமலைக்குப் போகிறோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் குவித்து வைத்து விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்வது, மேலே செம்பட்டை ரோமம் மூடிப் பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சுரண்டித் தோலைச் சீவினால் உள்ளே இளம்பச்சை. விரல் நீளத் துண்டு நம் நான்கு பேருக்குப் போதும். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, கொத்தமல்லித்தழை கிள்ளி இறக்கினால் மணக்கும்.

பெரியம்மா, 7.20
எனக்கு இப்போதே வாய் ஊறுகிறது சரசு. வித்யா, குடிக்கலாமா?

வித்யா, 7.24
டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பாட்டோடு சாப்பாடாகக் குடியுங்கள். முடக்கத்தான் தோசையும் சாப்பிடுங்கள், நம் கொல்லை வேலியிலேயே படர்ந்து கிடக்கிறதே, சின்ன வயதில் அந்தக் காயை நெற்றியில் அடித்து உடைப்போம். ஆனால் சூப் குடிக்கிறோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

பிரபு, 7.40
ஆபீஸில் ஒருவர் மஞ்சள் கேப்சூல் நன்றாகக் கேட்கிறது என்கிறார். அதுவும் ஏமாற்றா?

வித்யா, 7.52
இல்லை அண்ணா, மூட்டுத் தேய்மானத்துக்கு மஞ்சளில் விஷயம் இருக்கிறது. தாய்லாந்தில் 367 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு நாளுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாறு கேப்சூல், மீதிப்பேருக்கு 1,200 மி.கி. ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை. நான்கு வாரம் கழித்து வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது, வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் பக்கம் குறைவு. நான்கு வாரம் என்பதைக் கவனியுங்கள்.

சரசு சித்தி, 7.55
அப்படியானால் தினம் பாலில் ஒரு ஸ்பூன் மஞ்சள் போட்டால் போதுமே?

வித்யா, 8.01
குடிக்கலாம் சித்தி, ஆனால் அந்த அளவு வராது. சாதாரண மஞ்சளில் அதன் முக்கியச் சத்தான கர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். ஒரு ஸ்பூன் 3 கிராம் என்றால் 90 மி.கி. கிடைக்கும். அதிலும் குடலில் சேர்வது கொஞ்சம்தான். மிளகிலிருக்கும் பைப்பரின் கூடச் சேர்ந்தால் 20 மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். நாம் ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்த்துப் போடுவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வித்யா, 8.04
ஆனால் கேப்சூல் என்று வந்துவிட்டால் அதை மருந்தாகவே மதிக்க வேண்டும். மிளகுச் சத்து மற்ற மாத்திரைகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். பெரியப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் அவர் மஞ்சள் கேப்சூலைத் தொடவே வேண்டாம், ரத்தக் கசிவு வரலாம். பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. மிளகுச் சத்து சேர்த்த கேப்சூல் சிலருக்கு ஈரலையே பாதித்திருக்கிறது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டு முழுதாக நின்ற பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு யோசிக்கலாம், இப்போது வேண்டாம்.

அம்மா, 8.10
எனக்கு ஒருவர் குளுக்கோசமைன் வாங்கச் சொன்னார். விலை அதிகமாக இருந்தது.

வித்யா, 8.13
வேண்டாம் அம்மா. 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில் சாதாரண வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அந்தக் காசில் பழம் வாங்குங்கள்.

வித்யா, 8.20
ரவி மாமா, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். விரல் விறைப்பு காலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? இரண்டு கையிலுமா?

ரவி மாமா, 8.31
செல்வியிடம் கேட்டேன். இரண்டு கையிலும்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். மோதிரம் கழற்ற வரவில்லை, விரல் கணு வீங்கியிருக்கிறது.

வித்யா, 8.35
அப்படியானால் அது தேய்மானம் மாதிரித் தெரியவில்லை மாமா, முடக்குவாதமாக இருக்கலாம். அது வேறு நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. தள்ளிப்போட்டால் விரல் கோணிவிடும், பிறகு எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது. சீக்கிரம் பிடித்துவிட்டால் நல்ல மருந்து இருக்கிறது. சூப்பு, மஞ்சள் என்று மாதங்களை வீணாக்காதீர்கள். இந்த வாரமே ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். சேலத்தில் மூட்டுவாத டாக்டரிடம் நானே நேரம் வாங்குகிறேன்.

ரவி மாமா, 8.37
சரி பாப்பா. புதன்கிழமை கூட்டிவருகிறேன்.

அடுத்த ஞாயிறு

பெரியம்மா, காலை 8.05
சர்க்கரை இன்றைக்கு 178. முகம் கொஞ்சம் வடிந்திருக்கிறது என்று உங்கள் பெரியப்பா சொல்கிறார். கால்வலி பாதி திரும்பிவிட்டது கண்ணு. அந்த ஏழு வாரம் எவ்வளவு லேசாக இருந்தேன் என்று நினைத்தால் நேற்று அழுகையே வந்துவிட்டது.

வித்யா, 8.08
வரத்தான் செய்யும் பெரியம்மா. வலி இல்லாமல் மாடி ஏறியது உண்மை, அந்தச் சந்தோஷமும் உண்மை. பிசியோதெரபி எப்படிப் போகிறது?

பெரியம்மா, 8.14
துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தி ஐந்து எண்ணச் சொன்னார்கள். காலையில் பத்து, சாயங்காலம் பத்து. முதல் நாள் தொடை நடுங்கிற்று, இப்போது நடுங்கவில்லை. தடவுவதற்கு ஒரு ஜெல் கொடுத்திருக்கிறார்கள், அது சாயங்காலத்துக்கு இதமாக இருக்கிறது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், 78 இருக்கிறேன்.

வித்யா, 8.16
ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறையும் பெரியம்மா. ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ. நீங்கள் அவ்வளவு தூக்கிக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள்.

ரவி மாமா, 8.20
செல்விக்கு ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவ். டாக்டர் வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை எழுதியிருக்கிறார். தினமும் போட்டுவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். காலண்டரில் ஞாயிறு ஞாயிறாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன்.

வித்யா, 8.22
மிக நல்ல காரியம் மாமா.

பிரபு, 8.25
டப்பாவில் மிச்சமிருந்த பொடியை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டேன். நீ சொன்ன 1800 180 3024 எண்ணிலும் பக்கவிளைவைப் பதிவு செய்தாயிற்று.

பெரியம்மா, 8.31
தெருவில் வாங்கிய மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் நேற்றுச் சாயங்காலம் மெதுவாக நடந்து போய்ச் சொன்னேன். இரண்டு பேர் நம் டாக்டரிடமே போய்விட்டார்கள். கோடி வீட்டு அம்மா மட்டும் கேட்கவில்லை. நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார், நடக்க முடிகிறதே, அதை ஏன் விட வேண்டும் என்கிறார். முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது கண்ணு. பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடுவாரோ என்றும் எனக்குப் பயம். நீ ஒரு தடவை அவரிடம் பேசுகிறாயா?

வித்யா, 8.33
நான் பேசுகிறேன் பெரியம்மா. இப்போது அவர் வீட்டுக்குப் போய் உங்கள் போனிலிருந்து எனக்கு வீடியோ கால் போடுங்கள். கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

பெரியம்மா, 8.34
செருப்பு மாட்டிவிட்டேன், இதோ போகிறேன்.