புதுப்பிப்பு: குறட்டை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வருடம்

தூக்கத்தில் மூச்சு அடைத்து நின்றுபோகிற தொல்லைக்காக டான்சில், உள்நாக்கு, மென்னண்ணத்தின் (மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற பகுதி) ஓரம் எல்லாவற்றையும் வெட்டிச் சரிசெய்துகொண்டதை முன்பு எழுதியிருந்தேன். நாளானபின் எப்படி இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பகல் தூக்கம் போய்விட்டது. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும் அந்த அரை நிமிடத்தில் கண் செருகுமே, அது இல்லை. காலைத் தலைவலியும் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் ஏமாந்தேன். மணிக்கு 42 முறை இருந்த மூச்சுத் தடை அறுவைக்குப் பின் 9 ஆனது. நான்காம் வருடம் உடம்பு 8 கிலோ ஏறியது. குறட்டைதான் இல்லையே என்று சும்மா இருந்துவிட்டேன். மென்னண்ணம் அதிராவிட்டால் சத்தம் அடங்கும். நாக்கின் அடிப்பக்கத்தில் அடைப்பு ஓசையில்லாமல் தொடரலாம். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தால் 19! (5க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 தாண்டினால் நடுத்தரம்.)

சரி, தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவி திரும்பி வந்தாயிற்று. முன்பு நள்ளிரவில் முகமூடியைக் கழற்றி எறிந்தவன்தான். இப்போது எனக்குக் குறைந்த அழுத்தமே போதுகிறது, விடியும்வரை முகத்தில் இருக்கிறது.

அப்புறம், தொண்டை. ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் எப்போதும் ஒரு உணர்வு. பேசுவதற்கு முன் செருமிக்கொள்கிறேன். அவசரமாகத் தண்ணீர் குடித்தால் இன்றும் சில சமயம் மூக்கில் ஏறுகிறது. குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடிப்பதை விட்டே விட்டேன்.