வகுப்பில் பேசாத சீனப் பையன்: மதிப்பெண்ணைக் குறைப்பதா?

மதுரைக்காரி:
நியூயார்க்கில் ஃபிளஷிங் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளையார் கோவில் இருக்கிறதே, அந்த ஏரியாதான். செப்டம்பரில் ஒரு பையன் சேர்ந்தான். ஊர் சீனாவில் ஃபூஜோ அருகே. தேர்வில் முழு மதிப்பெண், வகுப்பில் கை தூக்குவதே இல்லை. பெயர் சொன்னால் எழுந்து நின்று பதில் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறான். இங்கே 'மிஸ்' போட்டுப் பெயர் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவாம். எனக்கு என்னவோ காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது! ஆனால் வகுப்பில் பேசுவதற்கென்றே பத்து சதவீதம் ஒதுக்கியிருக்கிறேன். சாப்பாட்டு வேளையிலும் கேன்டீனுக்குப் போகாமல் என் அறை வாசலில் நிற்கிறான். என்ன செய்ய?

புரூக்ளின்வாசி:
புரூக்ளினில் சன்செட் பார்க் பகுதியில் இப்படி நிறைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்திருக்கிறேன். சீனத்தில் ஆசிரியரை 'லாவ்ஷி' என்பார்கள். அதன் நேர் அர்த்தம்தான் அந்த டீச்சர். அங்கே நாள் முழுக்க ஒரே அறை, ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். இங்கே மணியடித்தால் பிள்ளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கதவைத் திறந்து வையுங்கள். வீட்டையும் விசாரியுங்கள். பெற்றோர் இங்கே ஓட்டல் வேலைக்கு வந்துவிட, பாட்டியிடம் வளர்ந்து, காகிதமெல்லாம் சரியான பிறகு வந்து சேரும் பிள்ளைகள் அந்தப் பக்கம் உண்டு. அவர்களுக்கு அப்பா அம்மாவே புதுசு.

கணக்குப்புலி:
பாவம் பார்த்துப் பத்தையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் யாரும் அவனைப் பேச வைக்கப்போவதில்லை. பலகையில் போட வையுங்கள். ரீஜெண்ட்ஸ் என்கிற நியூயார்க் மாநிலப் பொதுத்தேர்வின் அல்ஜீப்ரா வினாத்தாள் சீன மொழியிலும் கிடைக்கும், விடையும் அதிலேயே எழுதலாம். இதை அவனுக்கு யாராவது சொன்னார்களா?

மதுரைக்காரி:
சொல்லவில்லை. இன்று நான்தான் சொன்னேன். அப்பா வேறு மாநிலத்தில் சமையல் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருகிறாராம். புரூக்ளின்வாசி சொன்னது சரி. பலகையில் ஒரு கணக்குப் போட்டான். எக்வடார் பையன் ஒருவன் மூன்றாவது வரி புரியவில்லை என்றதும், விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அதையும் பேச்சுக் கணக்கில் சேர்த்துவிட்டேன். மதியம் கதவைத் திறந்து வைத்தேன். வந்தான், டப்பாவில் இருந்த சோற்றைச் சாப்பிட்டான், மேசையில் தலையைக் கவிழ்த்து இருபது நிமிடம் தூங்கினான். ஊர்ப் பள்ளியில் மதியம் எல்லாரும் தூங்குவார்களாம். வாசலில் நின்றது இதற்குத்தானாம், கேட்கக் கூச்சம்.