ரஃபாயெல் வரானை இரண்டு தோல்விகளை வைத்து எடைபோடலாமா?

கேள்வி – பந்துவழி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பிரான்ஸின் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் ரஃபாயெல் வரான் 2024 செப்டம்பரில், 31 வயதிலேயே ஓய்வை அறிவித்த நாளிலிருந்து எனக்கும் என் தம்பிக்கும் இடையே ஒரு வழக்கு தீராமல் நீள்கிறது. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியில் மூத்த தடுப்பாட்டக்காரர் செர்ஜியோ ராமோஸின் நிழலில் வளர்ந்தவர் வரான் என்பதும், ராமோஸ் பக்கத்தில் இல்லாத பெரிய ஆட்டங்களில் அவர் தடுமாறினார் என்பதும் தம்பியின் கட்சி. அதற்கு அவன் இரண்டு சான்றுகளை முன்வைக்கிறான். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியின் மாட்ஸ் ஹும்மெல்ஸ் வரானை மீறி எழும்பித் தலையால் முட்டிப் போட்ட கோல் ஒன்று. 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக வரான் செய்த இரண்டு பிழைகள் மற்றொன்று. இரண்டு முறையும் அவருடைய அணி வெளியேறியது உண்மைதான். ஆனாலும் பத்து ஆண்டுகள் மாட்ரிடின் பின்வரிசையில் நின்ற ஒருவரை இவற்றைக் கொண்டா அளப்பது? அவருடைய ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்து வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – கடைசிவரிசை

தங்கள் தம்பியிடம் 2013 ஜனவரி 30 அன்று மாட்ரிடின் பெர்னபேயு மைதானத்தில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்சிலோனாவுக்கு எதிராக, ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பை அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களில் முதலாவது அது. ராமோஸுக்குத் தடை; மற்றொரு தடுப்பாட்டக்காரர் பெப்பேவுக்குக் காயம். மூத்தவரான ரிகார்டோ கார்வாலியோவுடன் நடுவில் இறக்கப்பட்ட வரானுக்கு அப்போது வயது 19. ஷாவி அடித்த பந்தைக் கோல் கோட்டருகே நின்று வெளியேற்றியதும், மெஸ்ஸியையும் ஃபாப்ரெகாஸையும் கடைசி நொடியில் மறித்ததும், 81ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஆட்டத்தை 1–1 எனச் சமன் செய்ததும் அவரே. அடுத்த மாதம் பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானத்தில் மாட்ரிட் 3–1 என வென்றபோதும் மூன்றாவது கோல் அவருடையது. அந்த ஜனவரி ஆட்டத்தில் ராமோஸ் இல்லாமலேயே அவர் பெயர் பெற்றதால், தம்பியின் வாதம் அங்கேயே நிலைகுலைகிறது.

லீல் நகரில் பிறந்து, பிரான்ஸின் லான்ஸ் அணியின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த அவரை 2011இல் மாட்ரிடுக்கு அழைத்தவர் பிரான்ஸின் முன்னாள் நட்சத்திர வீரர் ஜிதேன் ஜிதான். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன், பிறகு அழைக்குமாறு ஜிதானிடமே சொன்ன செய்தி பலருக்கும் தெரிந்ததுதான்.

அவருடைய திறமை பலர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அவர் ஆடிய விதமே என்று நான் கருதுகிறேன். ராமோஸ் முன்னேறிச் சென்று மோதுவார். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் மார்செலோ எதிரணியின் பாதிக்குப் போய்விடுவார். அவர்கள் விட்டுச் சென்ற வெளி முழுவதையும் காப்பது வரானின் வேலையாக இருந்தது. தன் வேகத்தாலும் முன்கூட்டியே இடம் கணிக்கும் அறிவாலும் தாக்குபவர் சென்று சேரும் முன்பே அவர் அங்கு நின்றதால், சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க வேண்டிய நிலை அவருக்கு அரிதாகவே வந்தது. கால்சட்டையில் புல் கறை படியாத தடுப்பாட்டக்காரரைக் கூட்டம் கொண்டாடுவதில்லை. 2018இல் ஒரே கோடையில் சாம்பியன்ஸ் லீக்கையும் உலகக் கோப்பையையும் அவர் வென்றபோது, உலகக் கோப்பையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ராமோஸ் அல்லர், சாமுவேல் உம்டிட்டி. காலிறுதியில் உருகுவேக்கு எதிரான முதல் கோலும் வரான் தலையால் அடித்ததே.

மறுமொழி – நடுவட்டம்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் உள்ள அந்த இரண்டு தோல்விகளைப் பற்றி வரானே 2024 ஏப்ரலில் பிரான்ஸின் லெக்கிப் விளையாட்டு நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் சொன்னதை அறியாமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தம் வாழ்வின் மிக மோசமான மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் குறைந்தது இரண்டுக்கு முன்னர் தமக்குத் தலையில் அடிபட்டு மூளையதிர்வு ஏற்பட்டிருந்தது என்று அவர் கூறினார். அந்த இரண்டும் தங்கள் தம்பி சொல்லும் அதே ஆட்டங்கள்.

2014 ஜூன் 30 அன்று நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பந்து அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. அதற்குப் பிறகு ஆட்டத்தை முடித்தது எப்படி என்பதே அவருக்கு நினைவில் இல்லை. நான்கு நாட்களில், ஜூலை 4 அன்று, மரக்கானாவில் ஜெர்மனிக்கு எதிராக அவர் இறக்கப்பட்டார். 2020இலும் கெட்டாஃபே அணியுடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுச் சில வாரங்களுக்குப் பிறகுதான் சிட்டியைச் சந்தித்தார். அன்றைய தோல்வி தம் பொறுப்பே என்று ஆட்டம் முடிந்ததும் அவர் ஏற்றுக்கொண்டாரே தவிர, அடிபட்டதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் உலகம் அவரைப் பழித்த பிறகே உண்மை வெளியே வந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பந்துவழி

மிக்க நன்றி. அந்த நேர்காணலைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. தம்பிக்கு இன்றே அனுப்புகிறேன். நினைவே தவறிய ஒருவரை எப்படித் தொடர்ந்து ஆட விட்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

மறுமொழி – கடைசிவரிசை

அன்றைய விதியில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று மாற்று வீரர்களே அனுமதி. தலையடிக்கென்று தனி மாற்று கிடையாது. அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் அடிபட்ட பின்பு ஏறத்தாழ கால் மணி நேரம் ஆடினார். இது இறுதிப் போட்டிதானா என்று நடுவரிடமே அவர் கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. மூளையதிர்வுக்கான கூடுதல் மாற்று 2021இல்தான் சோதனை முறையில் வந்தது.

31 வயதில் ஓய்வு ஏன் என்றால், அதற்கு முழங்கால் காரணம். மான்செஸ்டர் யுனைடெட்டில் மூன்று ஆண்டுகளை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை வெற்றியோடு முடித்துக்கொண்டு இத்தாலியின் கோமோ அணிக்குச் சென்றவர், 2024 ஆகஸ்டில் சாம்ப்டோரியாவுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். 2013இலேயே முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர்.

அந்த நேர்காணலில் என் மனத்தில் நின்றது வேறொன்று. கால்பந்து ஆடும் தம் ஏழு வயது மகனிடம், பந்தைத் தலையால் முட்ட வேண்டாம் என்று தாம் சொல்லி வருவதாக வரான் அதில் கூறியிருந்தார்.