எட்மண்டன் ஆயிலர்ஸ் 2023-24: நவம்பரில் அடிமட்டத்தில் கிடந்த அணி ஜூனில் இறுதித்தொடர் வரை வந்தது எப்படி?

கேள்வி: குலசேகரம் ரப்பர் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. மகள் கனடாவின் எட்மண்டன் நகரில் செவிலியராக வேலை பார்க்கிறாள். ஜனவரி மாதம், விடியலுக்கு முன்பே பால்வெட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு நாளில், அவள் சொன்னதற்காக எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அங்கே இரவு 7 மணி என்றால் நமக்குக் காலை 7.30 மணி என்பதால் நேரமும் ஒத்துவந்தது. அந்த மாதம் நான் பார்த்த ஆட்டங்களில் அவர்கள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

ஆனால் நவம்பரில் இதே அணி பட்டியலின் அடியில் கிடந்ததாகவும், பயிற்சியாளரையே வெளியே அனுப்பிவிட்டதாகவும் மகள் சொல்கிறாள். ஜூன் 25 அதிகாலை 5.30 மணிக்கு, மழையால் வெட்டு நின்றுபோன அந்த நாளில், இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டத்தை அவளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்த்தேன். தோற்றபோது அவள் அழுதாள், எனக்கும் மனம் ஆறவில்லை.

என் கேள்வி இதுதான். பயிற்சியாளர் மாறியதால் மட்டுமா அணி எழுந்தது? அணியின் கணக்கை 3-9-1 என்று மூன்று எண்களாக எழுதுகிறார்களே, அந்த மூன்றாவது எண் எதைக் குறிக்கிறது?

பதில்: நாகர்கோவில், முன்பு ஆல்பர்ட்டாவில் வசித்தவர்

ஐயா, எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் எண் வெற்றி, இரண்டாவது வழக்கமான 60 நிமிடங்களுக்குள் வந்த தோல்வி, மூன்றாவது கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ வந்த தோல்வி. வெற்றிக்கு 2 புள்ளி, மூன்றாம் வகைத் தோல்விக்கு 1 புள்ளி. 82 ஆட்டங்கள் முடிந்தபோது ஆயிலர்ஸ் கணக்கு 49-27-6, அதாவது 104 புள்ளிகள். பசிபிக் பிரிவில் இரண்டாம் இடம்.

இனி நவம்பர். 2023 அக்டோபர் 11 அன்று முதல் ஆட்டத்திலேயே வான்கூவரிடம் 8-1 என்று தோற்றார்கள். அதன்பின் சரிவு நிற்கவே இல்லை. அந்த ஆண்டு சான் ஹோசே ஷார்க்ஸ் அணி தன் முதல் 11 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அப்படிப்பட்ட அணியிடமும் நவம்பர் 9 அன்று 3-2 என்று தோற்றபோது ஆயிலர்ஸ் கணக்கு 2-9-1 ஆகிவிட்டது. அடுத்த ஆட்டத்தில் சியாட்டிலை வென்றும் பயன் இல்லை. மறுநாள், நவம்பர் 12 அன்று, பயிற்சியாளர் ஜே உட்கிராஃப்ட் நீக்கப்பட்டு, கிரிஸ் நாப்லாக் வந்தார். அவருக்குக் கீழ் ஆடிய 69 ஆட்டங்களின் கணக்கு 46-18-5.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவரும் பெருமை முழுவதையும் புதிய பயிற்சியாளருக்கே கொடுத்துவிடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த முதல் ஒரு மாதத்தில் ஆயிலர்ஸ் எதிரணியின் கோலை நோக்கிப் பந்தடித்ததில் குறை எதுவும் கண்ணில் படவில்லை (பந்தென்று பழக்கத்தில் எழுதுகிறேன், பக் எனும் தட்டையான வட்டு என்றே சொல்ல வேண்டும்). வாய்ப்புகள் கிடைத்தன, கோல்தான் விழவில்லை. மறுமுனையில் தடுத்திருக்க வேண்டிய எளிய அடிகள் எல்லாம் உள்ளே போயின. பெரிய ஊதியம் வாங்கிய கோல்கீப்பர் ஜாக் கேம்பெல் நவம்பர் தொடக்கத்திலேயே கீழ்நிலை அணியான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பப்பட்டார்; அந்த முடிவு எடுக்கப்பட்டபோது பழைய பயிற்சியாளர் இன்னும் பதவியில் இருந்தார். அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் ஸ்கின்னர், எட்மண்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன், கோல்முன் நிலைகொண்டார். கோல்கீப்பர் தேறியதும் முன்வரிசையின் உழைப்புக்குக் கூலி கிடைக்கத் தொடங்கியது. நீங்கள் ஜனவரியில் பார்த்தது அதைத்தான்: டிசம்பர் 21 முதல் ஜனவரி 27 வரை தொடர்ந்து 16 வெற்றிகள். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 1993இல் படைத்த 17 வெற்றிச் சாதனைக்கு ஒன்றுதான் குறைவு. பிப்ரவரி 6 அன்று வேகாஸ் அணி 3-1 என்று வென்று அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

பதில்: களியக்காவிளை

நாகர்கோவில் அண்ணன் சொல்லும் கோல்கீப்பர் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நாப்லாக்கின் பங்கை அவர் சற்றுக் குறைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கானர் மெக்டேவிட் சிறுவயதில் ஈரி ஆட்டர்ஸ் அணியில் ஆடியபோது அவருக்குப் பயிற்சி அளித்தவர் நாப்லாக்தான். அணியின் தலைவன் ஏற்கெனவே நம்பிய மனிதர் அவர். தற்காப்பு வீரர்களைக் கவனிக்க, 1980களில் இதே அணிக்காக ஆடிய பால் காஃபியும் அதே நாளில் வந்துசேர்ந்தார்.

என் வாதத்துக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஒரு வீரர் விதியை மீறினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய அணி நால்வராக நின்று எதிரணியின் ஐவரைச் சமாளிக்க வேண்டும். பிளே-ஆஃப் சுற்றுகளில், அதாவது 82 ஆட்டங்களுக்குப் பின் ஏழு ஆட்டத் தொடர்களாக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளில், ஆயிலர்ஸ் இந்த நிலையில் 70 முறை நின்று 66 முறை கோல் விடாமல் காத்தார்கள். அந்த நால்வர் எங்கே நிற்க வேண்டும், யார் முன்னால் பாய வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் வருவது. கோல்கீப்பர் ஒருவர் மட்டும் செய்யக்கூடிய காரியம் அல்ல.

அதைப் போலவே, வான்கூவர் தொடரில் மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு ஸ்கின்னரை உட்காரவைத்து கால்வின் பிக்கார்டை இறக்கிய துணிவையும், ஆறாவது ஆட்டத்தில் ஸ்கின்னரிடமே திரும்பிய நிதானத்தையும் மறக்கக் கூடாது. அந்தத் தொடரை 4-3 என்று வென்றார்கள்.

கேள்வி கேட்டவர்: குலசேகரம் ரப்பர் விவசாயி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு விளக்கங்களும் எனக்குத் தேவைப்பட்டவை.

சென்ற மாதம் ஊருக்கு வந்த மகளின் தோழி ஒரு பக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், கையில் வைத்தால் கல்லைப் போலக் கனக்கிறது. ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், சிறிதும் அமுங்கவில்லை. வல்கனைஸ் செய்த ரப்பர்தான் அது. சிரட்டையில் சொட்டும் பாலையும் புகைக்கூட்டில் தொங்கும் ஷீட்டையும் நாற்பது வருடமாகப் பார்த்தவன் நான். இதே ரப்பர், துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறையவைக்கப்பட்டு, பனித்தரையில் அப்படி வழுக்கி ஓடும் என்று நினைத்ததே இல்லை.

இறுதித்தொடரைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். 0-3 என்று பின்தங்கிய அணி 3-3 வரை வந்துவிட்டுக் கடைசியில் ஏன் தோற்றது? மெக்டேவிட்டின் மேல் பழி சொல்கிறவர்களை இணையத்தில் பார்த்து வருத்தமாக இருந்தது.

பதில்: அருமனை உடற்கல்வி ஆசிரியை

ஐயா, நான் பள்ளியில் புல்தரை ஹாக்கி சொல்லிக்கொடுப்பவள், அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன். மெக்டேவிட்டின் மேல் பழி போடுவது பெரிய அநியாயம்.

ஃப்ளோரிடா பாந்தர்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் 3-0, 4-1, 4-3 என்று எடுத்துக்கொண்டது. நான்காவதில் ஆயிலர்ஸ் 8-1 என்று திருப்பி அடித்தது; பருவத்தின் முதல் நாளில் வாங்கிய அதே கணக்கை, இறுதித்தொடரில் எதிரணிக்குக் கொடுத்தார்கள். அடுத்து 5-3, பிறகு 5-1. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களில் மெக்டேவிட் தலா நான்கு கோல்களில் பங்கு பெற்றார். இறுதித்தொடரில் 0-3இல் இருந்து மீண்டு கோப்பையையே வென்ற அணி என்று 1942இன் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஒன்றைத்தான் சொல்ல முடியும். எட்டாத உயரத்தின் கடைசிப் படி வரை இவர்கள் ஏறினார்கள்.

கடைசி இரண்டு ஆட்டங்களில் மெக்டேவிட் பெயரில் ஒரு கோலும் இல்லை, கோலுக்கு வழிசெய்த கணக்கும் இல்லை என்பது உண்மை. ஏழாவது ஆட்டத்தில் பாந்தர்ஸுக்காக கார்ட்டர் வெர்ஹேகி முதல் கோல் போட, மாட்டியாஸ் யான்மார்க் சமன் செய்ய, இரண்டாம் பகுதியில் சாம் ரைன்ஹார்ட் போட்ட கோல் முடிவாகிவிட்டது. 2-1. மூன்றாம் பகுதி முழுவதும் ஆயிலர்ஸ் முட்டி மோதியும் செர்கேய் பாப்ரோவ்ஸ்கி அசையவில்லை. ஒரு கோல் இடைவெளியில் தோற்ற ஆட்டத்துக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டிய அவசியமே இல்லை. லியான் டிரைசைட்டில் காயங்களோடுதான் அந்தத் தொடரை ஆடினார். இவாண்டர் கேன் காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களோடு வெளியேறினார்.

பிளே-ஆஃபில் மெக்டேவிட் 34 கோல்களுக்கு வழிசெய்து கொடுத்தார். 1988இல் வேய்ன் கிரெட்ஸ்கி இதே அணிக்காகச் செய்த 31ஐ இது முந்தியது. தோற்ற அணியில் இருந்தும் பிளே-ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை அவருக்கே கிடைத்தது. அதை வாங்க அவர் பனித்தரைக்கு வரவே இல்லை. அந்த வெற்றுக் களத்தைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

நீங்கள் ஜனவரியில் தொடங்கியதால் சொல்கிறேன், டல்லஸ் தொடரின் ஆறாவது ஆட்டத்தை ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். ஆயிலர்ஸ் பத்தே முறைதான் கோலை நோக்கி அடித்தார்கள், டல்லஸ் முப்பதுக்கும் மேல் அடித்தது. ஆயினும் 2-1 என்று ஆயிலர்ஸ் வென்றது. ஸ்கின்னரின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். நாகர்கோவில் அண்ணன் சொன்னதும் களியக்காவிளைத் தம்பி சொன்னதும் இரண்டும் அந்த ஒரே ஆட்டத்தில் தெரியும்.

கேள்வி கேட்டவர்: குலசேகரம் ரப்பர் விவசாயி

டீச்சருக்கு மிகவும் நன்றி. இன்றும் மழை, வெட்டு கிடையாது. மகளுக்கு அங்கே இரவுப்பணி முடிகிற நேரம். அவள் வீட்டுக்கு வந்ததும் இருவருமாக அந்த டல்லஸ் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம்.