கிரையோஜெனிக் எஞ்சின் கைவந்தது, ஜெட் எஞ்சின் ஏன் இன்னும் கைவரவில்லை?

மெக்_மூன்றாம்_ஆண்டு:
2014 ஜனவரி 5 அன்று, மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் நம் கிரையோஜெனிக் எஞ்சினோடு இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் பறந்துவிட்டது. ஆனால் நம் போர் விமானமான தேஜஸில் இருப்பது அமெரிக்க ஜெட் எஞ்சின் ஜிஇ எஃப்404. நாமே செய்ய 1980-களில் தொடங்கிய காவேரி ஜெட் எஞ்சின் அதில் ஏறவே இல்லை. ராக்கெட் எஞ்சின்தானே கடினம்? நான் எங்கே தவறாகப் புரிந்துகொண்டேன்?

ஓவர்ஹால்_22:
தம்பி, ஜெட் எஞ்சின் ஓவர்ஹால் வேலையில் 22 வருடம் இருந்தவன் நான். சூட்டை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. கிரையோ எஞ்சின் அறைக்குள் 3,000 டிகிரி இருக்கும். ஆனால் அதை ஆற்ற மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன் கையிலேயே இருக்கிறது. எரியப்போகிற ஹைட்ரஜனை முதலில் சுவருக்குள் இருக்கும் மெல்லிய கால்வாய்களில் ஓடவிட்டு, அப்புறம்தான் எரிக்கிறார்கள். ஜெட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. சூடான வாயு தள்ளச் சுற்றும் டர்பைன் பிளேடை ஆற்றக் கிடைப்பது, எஞ்சின் முன்பக்கம் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று. அதுவே 500, 600 டிகிரியில் வரும்.

பிளேடு சுண்டுவிரல் நீளம்தான். உள்ளே வளைந்து வளைந்து காற்றுப் பாதை, முன் விளிம்பில் வரிசையாக ஊசித் துளைகள். ஒருமுறை கழற்றி வந்த பிளேடில் இரண்டே துளைகள் தூசியில் அடைத்திருந்தன. அந்த இடத்தில் மட்டும் பூச்சு பொரிந்து, உலோகம் கருகிக் கிடந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

தன் உலோகமே உருகிவிடும் சூட்டையும் மிஞ்சிய வாயுவில் அது ஆயிரக்கணக்கான மணி நேரம் சுற்ற வேண்டும். அதற்கு முழு பிளேடும் ஒற்றைப் படிகமாக இருக்க வேண்டும். வார்ப்பு அச்சின் அடியில் பன்றிவால் போல ஒரு சுருள் பாதை வைப்பார்கள். கீழே பல படிகங்கள் முளைக்கும், சுருளைத் தாண்டி மேலே வருவது ஒன்றே ஒன்று. அச்சைச் சூளையிலிருந்து எந்த வேகத்தில் இறக்குவது என்பதை யாரும் லேசில் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் இருக்கும் சிஇ-20 கிரையோ எஞ்சின் ஒரு பயணத்தில் ஓடுவது பத்து நிமிடம் சொச்சம்தான்.

வள்ளியூரான்:
பத்து நிமிடம்தான் என்றாலும் அது லேசில்லை அண்ணே. 2010 ஏப்ரல் 15, நம் கிரையோ எஞ்சினோடு முதலில் பறந்து தோற்ற ஜிஎஸ்எல்வி டி3. எஞ்சினுக்கு ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் டர்போபம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போனது. கிரையோ கட்டம் தொடங்கி 0.9 விநாடியில் வேகம் இறங்கி, அடுத்த 0.6 விநாடிக்குள் நின்றேவிட்டது. கசிவைத் தடுக்கும் சீல் இருக்குமிடத்தில் பம்பின் சுழலும் பாகமான ரோட்டர் இறுகியிருக்கலாம், அல்லது டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என்றது இஸ்ரோ ஆய்வு. எடுத்துப் பார்க்கப் பம்ப் இல்லை, கடலில் போய்விட்டது. நாங்கள் இஸ்ரோ எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி அடிவாரத்துக்காரர்கள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓவர்ஹால்_22:
உண்மை தம்பி. எங்களுக்குக் கருகிய பிளேடாவது கைக்கு வரும். அவர்களுக்கு எண்கள் மட்டும்தான் வரும். அதை வைத்து நாலு வருடத்துக்குள் பறக்கவிட்டது பெரிய வேலை.

மெக்_மூன்றாம்_ஆண்டு:
இருவருக்கும் நன்றி. பிளேடு குளிர்விப்பதையே ப்ராஜெக்டாக எடுக்கலாமா சார்?

ஓவர்ஹால்_22:
தாராளமாக எடுங்கள். கம்ப்யூட்டரில் உட்காருவதற்கு முன்னால் ஒரு ஸ்டீல் தகட்டில் 30 டிகிரி சாய்வில் அரை மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பாருங்கள். டிரில் பிட் எப்படி வழுக்கி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.