பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவல் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது: துவக்க முறையா, வன்தட்டா?

தட்டச்சன்:
என்னுடையது 2012ஆம் ஆண்டு மடிக்கணினி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் இல்லை. எனவே லினக்ஸ் மின்ட் நிறுவ முடிவு செய்தேன். விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை (வன்தட்டின் பிரிவை) மட்டும் அழித்து, ஆவணங்கள் உள்ள பார்ட்டிஷனை அப்படியே விட்டுவைத்து, கைமுறையாகப் பிரித்தேன். கோப்புகள் எல்லாம் நகலாகின்றன. ஆனால் இறுதியில், இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் க்ரப் நிரலை நிறுவ முடியவில்லை என்ற பிழைப்பெட்டி தோன்றி எல்லாம் நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

முதற்பொறி:
துவக்க முறையிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் கணினியைத் தொடக்கும் பழைய பயாஸ் முறையும் புதிய யூஈஎஃப்ஐ முறையும் சேர்ந்தே இருக்கும். துவக்கப் பட்டியலைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில், ஒன்று யூஈஎஃப்ஐ என்ற முன்னொட்டுடனும் மற்றொன்று வெறும் பெயருடனும் தெரியும். நீங்கள் எந்த வரியைத் தேர்ந்தீர்களோ அந்த முறைக்கான க்ரப்பைத்தான் நிறுவி (நிறுவல் நிரல்) எழுத முயலும். பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பிரிப்புமுறை கொண்ட வன்தட்டில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் க்ரப் அமர்ந்துகொள்ளும். ஜிபிடி என்ற புதிய பிரிப்புமுறை கொண்ட வன்தட்டில் பயாஸ் முறைக்கென 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் தனியாக வேண்டும். கைமுறையாகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

நீலத்திரை:
இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. பத்தாண்டுக்கும் மேல் சுழன்ற வன்தட்டில், அதுவும் ஒருவரின் ஆவணங்கள் இன்னும் உள்ளேயே இருக்கும்போது, மேலும் எழுதச் சொல்வதற்கு முன் அதன் நிலையைப் பார்க்க வேண்டாமா? வன்தட்டின் சிறு சேமிப்பு அலகான செக்டரில் எழுத முடியாமல் போனாலும் அதே பெட்டிதான் வரும். வன்தட்டு தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்து மூன்று எண்களைப் பாருங்கள்: 5 என்பது மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை, 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை, 199 என்பது தரவுப் பரிமாற்றப் பிழைகள்; அது மட்டும் ஏறிக்கொண்டே போனால், வன்தட்டைவிட அதன் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதற்பொறி:
கோப்புகள் முழுவதும் நகலான பிறகு க்ரப்பில் மட்டும் நிற்பது செக்டர் கோளாறின் இயல்பன்று என்பதே என் வாதம். ஊகம் எதற்கு? பிழை வந்தவுடன் லைவ் அமர்வை (பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸை) மூடாமல் சிஸ்லாக் என்ற பதிவுக் கோப்பின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். '/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ' என்ற கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் பயாஸ் முறையில் தொடங்கியிருக்கிறீர்கள்.

நீலத்திரை:
அதே பதிவில் ஐ/ஓ (படித்தல், எழுதுதல்) பிழை வரிகளையும் தேடுங்கள். எந்தச் சாதனத்தின் பெயர் வருகிறது என்பது முக்கியம். நிறுவல் கோப்புகள் அடங்கிய சுருக்கத் தொகுப்பான ஸ்குவாஷ்எஃப்எஸ் பற்றிய பிழை என்றால் பென்டிரைவில் எழுதப்பட்டது பழுதாக இருக்கலாம். அப்போது பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் ஷா256 என்ற சரிபார்ப்பு மதிப்பை, வெளியீட்டாளர் தந்ததுடன் ஒப்பிட வேண்டும்.

தட்டச்சன்:
பார்த்துவிட்டேன். ஈஎஃப்ஐ கோப்புறை இல்லை. வன்தட்டு ஜிபிடி என்றும் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை என்றும் க்ரப்பின் எச்சரிக்கை பதிவாகியுள்ளது. ஐ/ஓ பிழை எதுவும் இல்லை. ஸ்மார்ட் அறிக்கையில் 5க்கும் 199க்கும் எதிரே பூஜ்யம். 197க்கு எதிரே 8.

முதற்பொறி:
அப்படியானால் காரணம் தெளிவு. விண்டோஸ் ஜிபிடி வன்தட்டிலிருந்து யூஈஎஃப்ஐ முறையில்தான் தொடங்கும் என்பதால், தொடக்கக் கோப்புகள் உள்ள அதன் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இன்னும் அங்கேயே இருக்கும். பட்டியலில் யூஈஎஃப்ஐ வரியைத் தேர்ந்து தொடங்கி, அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் ஈஎஃப்ஐ பயன்பாட்டுக்கெனக் குறித்து நிறுவுங்கள்.

நீலத்திரை:
க்ரப் நின்றதற்கான காரணத்தில் இனி எனக்கு வாதமில்லை; ஆனால் அந்த 8ஐ விட்டுவிட முடியாது. நிறுவியின் ஃபார்மட் வன்தட்டு முழுவதையும் எழுதிப் பார்ப்பதில்லை. அந்த எட்டுச் செக்டர்கள் ஆவணப் பார்ட்டிஷனுக்குள் இருந்தால், நிறுவல் வெற்றி என்று திரை சொன்னாலும் ஏதோ ஒரு கோப்பு ஏற்கெனவே போயிருக்கலாம். முதலில் ஆவணங்களை வெளியே நகலெடுங்கள்.

முதற்பொறி:
நகலெடுப்பதை நானும் வலியுறுத்துகிறேன். எட்டுச் செக்டர்களுக்காக வன்தட்டையே மாற்றச் சொல்வதைத்தான் ஏற்கமாட்டேன். நிலுவையில் உள்ளவை மறுபடி எழுதப்படும்போது சரியாகிவிடுவதும் உண்டு.

நீலத்திரை:
சரியாகிறதா என்பதை ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை காட்டிவிடும். நகலெடுத்த பின் அதை ஓட்டுங்கள், தட்டச்சன். சோதனை படிப்புப் பிழையில் நின்றாலோ, அடுத்த சில வாரங்களில் 5 அல்லது 197 ஏறினாலோ, அதே இடத்தில் பொருந்தும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள்.